பாளையங்கோட்டை குளோரிந்தா அம்மையார்

பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயம் நமக்குத் தெரியும். அந்தத் தமிழ்ச் சபையின் வேர் தரங்கம்பாடி. அங்கே ஊழியம் தொடங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் காலத்தில், பாளையங்கோட்டையில் சபை வளர்த்தவர் ஒரு பெண், குளோரிந்தா அம்மையார்.

தஞ்சை மராட்டியப் பிராமணக் குடும்பம். இளம் விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் பட்டாள அதிகாரியோடு தாலி இல்லாமல் வாழ்ந்தார். வேதமும் அவரிடமே படித்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, இந்த உறவைக் காட்டி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார்.

அம்மையார் முடங்கிப் போகவில்லை. 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் அவருடையது. 1785-இல் கோயிலும் எழுப்பினார். வெள்ளைக்காரர் கொடுத்த பணமும் அதில் உண்டு.

அக்கிரகாரத்தை விட்டு வந்தவரின் கோயிலுக்கு ஊர் வைத்த பெயர் என்ன தெரியுமா? பாப்பாத்தி அம்மாள் கோயில்! வேதம் மாறியும் சாதி விடவில்லை.

நாம மட்டும் என்னவாம்? புருஷனை இழந்த பெண் சங்கக் கூட்டத்துக்கு வந்தால், அவள் சொல்வதைக் கேட்பதில்லை. யாரோடு இருக்கிறாள் என்றுதான் லயத்தில் வம்பு பேசுகிறோம். அவள் செய்த வேலையைப் பார்த்துப் பேரு எழுதுங்க, தோழர்களே!