வெட்ட வந்தவனைத் தழுவிய அருளானந்தர்

கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது, திராட்சை பழுக்கிறது. சில வேளை பகையும் விளைகிறது! வாய்க்கால் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக் கொள்கிறார்கள். ஓர் அடி வரப்புக்காக இரண்டு வீடுகள் முகம் திருப்பிக் கொள்கின்றன.

அந்தப் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்கு அருகில், இராயப்பன்பட்டி என்ற ஊர் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் பலர் வாழும் ஊர். இயேசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்று அழைப்பார்கள்.

தீங்கு செய்த சகோதரனை ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று இயேசுவிடம் கேட்டவர் இந்த இராயப்பர்தான். ஏழு தடவை போதாது, எழுபது தடவை ஏழு என்றார் இயேசு. கணக்குப் பார்க்காமல் மன்னிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

மனிதரால் இது முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஒருவர் நம் மதுரைச் சீமைக்கு வந்து வாழ்ந்தார். அவரே அருளானந்தர்.

அரண்மனைப் பிள்ளை

அவருடைய இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் 1647-ஆம் ஆண்டு பிறந்தார். இளவரசர் பெட்ரோவின் தோழராக அரண்மனையில் வளர்ந்தார்.

ஆனால் அரண்மனை வாழ்வு அவருக்குப் பிடிக்கவில்லை. 15-ஆவது வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் கப்பல் ஏறினார். மறு ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தார். தமிழ் கற்றார். காவி உடுத்தார். புலால் உண்பதை விட்டார். அருளானந்தர் ஆனார்.

அடியும் உதையும்

1686-இல் மறவர் சீமைக்குப் போய்ச் சமயம் போதித்தார். அங்கே அவரைப் பிடித்துக் கட்டினார்கள், அடித்தார்கள், தண்ணீரில் அமிழ்த்தினார்கள். மரண தண்டனையும் விதித்தார்கள். கடைசியில் கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்தார்.

அதன்பின் சபைப் பணிக்காக அருளானந்தர் போர்ச்சுக்கல் சென்றார். பழைய தோழர் பெட்ரோ அப்போது அரசர்! இங்கேயே இருந்துவிடும்படி அரசர் வேண்டினார். அருளானந்தர் இணங்கவில்லை. 1690-இல் இந்தியா திரும்பினார். தம்மை அடித்த அதே மறவர் சீமைக்கே மறுபடியும் போனார். அடித்தவர்கள்மீது பகை இருந்திருந்தால் அந்தத் திசையில் கால் வைத்திருப்பாரா?

ஓரியூர் மண்

தடியத் தேவர் என்ற மறவர் குலத் தலைவர் 1693-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்ட ஒருத்தி சேதுபதிக்கு உறவுப் பெண். அவள் மனம் புண்பட்டு அரசரிடம் முறையிட்டாள். அரசர் சினம் கொண்டார். அருளானந்தர் சிறைப்பட்டார். ஓரியூருக்கு அனுப்பப்பட்டார்.

1693 பிப்ரவரி 4. கொலைக்களத்தில் அவர் முழந்தாளிட்டு ஜெபித்தார். பிறகு எழுந்து, தம்மை வெட்ட வந்தவனைக் கட்டித் தழுவினார்! அவனுக்கு இட்ட கட்டளையை நிறைவேற்றச் சொன்னார். அரிவாள் இறங்கியது.

செய்தி லிஸ்பனை எட்டியது. அவருடைய தாயார் துக்க உடை உடுத்தவில்லை. திருநாள் உடையில் அரண்மனைக்கு வந்தார்.

1947-இல் ரோமில் அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவர் இரத்தம் சிந்திய ஓரியூருக்கு இன்று கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் வந்து வணங்குகிறார்கள். பகை நடந்த மண்ணிலேயே உறவு முளைத்துவிட்டது!

மன்னிப்பது என்றால், நடந்த தவறு சரி என்று சொல்வது அல்ல. அருளானந்தர் தம் கொள்கையை விடவில்லை; பகையைத்தான் விட்டார்.

அவர் தழுவியது தம் உயிரை எடுக்க வந்தவனை. நம் அண்ணன் தம்பி எடுத்துக்கொண்டதோ ஓர் அடி வரப்பு! அந்த வீட்டு வாசலுக்கு நாம் ஒரு நடை போய் வரக் கூடாதா?