பூவை வெட்டிக் காட்டிய டாக்டர்: யார் இந்த ராபர்ட் வைட்?

படம் வரைந்து பாகங்களைக் குறி. பள்ளியில் அறிவியல் படித்த யாரும் இந்த வரியை மறந்திருக்க மாட்டார்கள். கம்பைநல்லூரில் படித்தாலும் சரி, சென்னையில் படித்தாலும் சரி, செம்பருத்தியை நெடுக்காக வெட்டியது போல வரையணும். ஷேடிங் போட்டா டீச்சர் திட்டுவாங்க.

பூவின் அழகைவிட அதன் அமைப்பு தெளிவாகத் தெரியணும் என்ற இதே முறையில் 19ஆம் நூற்றாண்டிலேயே 2,101 தாவரப் படங்களை மெட்ராஸில் அச்சிட்டவர்தான் ராபர்ட் வைட்.

1796இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இங்கே வந்தார். டாக்டருக்குச் செடியில் என்ன வேலை? அன்றைக்கு மருந்தில் பெரும்பகுதி மூலிகைதான். அதனால் தாவரவியலும் மருத்துவப் படிப்பில் ஒரு பாடம்.

1826இல் மெட்ராஸ் அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. இரண்டே வருடத்தில் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்கு ராணுவ மருத்துவராகப் போனார் வைட். ஆனாலும் செடி சேகரிப்பதை விடலை. ஓவியர் ரங்கையா வரைந்த படங்களை கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். அவை அங்கே அச்சேறின.

காய்ந்த செடியே கையில் இருக்கும்போது படம் எதற்கு? காய்ந்தால் நிறம் போய்விடும், இதழ் நசுங்கிவிடும். 1834இல் ஜார்ஜ் ஆர்னாட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய தென்னிந்தியத் தாவர நூலிலும் படங்கள் கிடையாது. வர்ணனையை மட்டும் படித்து ஒரு செடியை அடையாளம் காண்பது லேசான வேலை இல்லை.

அதனால் 1838இல் 'ஐகோன்ஸ்' என்ற படத்தொகுதியைத் தொடங்கினார். கையால் வண்ணம் தீட்டினால் விலை எகிறும். எனவே பெரும்பாலும் கறுப்புக் கோடு மட்டும். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை மையால் வரைந்து, தண்ணீர் தடவி மை உருட்டினால், கோட்டில் மட்டும் மை பிடிக்கும். லித்தோகிராஃபி எனப்படும் இந்தக் கல்லச்சு மெட்ராஸில் அப்போது ஆரம்ப நிலையில்தான் இருந்தது. வைட் தானே அதைக் கற்றுக்கொண்டு தடுமாறித்தான் தேறினார்.

ஒரு படத்தை எடுத்துப் பார்த்தால் வசதி புரியும். நடுவில் பூவோடு ஒரு கிளை. கீழே அந்தப் பூவின் உள்பாகங்கள் தனித்தனியாகப் பெரிதாக: மகரந்தத்தாள், சூலகம், குறுக்காக வெட்டிய சூற்பை, விதை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு செடிகளைப் பிரித்துச் சொல்ல உதவுவது பெரும்பாலும் இந்தச் சின்னப் படங்கள்தான்.

இதற்கு நடுவே, 1840களில் கோவையில் அமெரிக்கப் பருத்தியை வளர்க்கும் கம்பெனி வேலை வேறு. அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. படத்தொகுதி மட்டும் நிற்காமல் வந்தது. 1853இல் ஆறு தொகுதிகளோடு முடிந்தது.

பெரும் புகழ் வைட்டுக்குத்தான். வரைந்த கைகள் முக்கியமாக இரண்டு பேருடையவை: ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. கம்பெனி அதிகாரிகளுக்கு வரைந்த இந்திய ஓவியர்கள் பலரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. வைட் இவர்கள் பெயரைப் படத்தின் ஓரத்தில் அச்சிட்டார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயியா' என்றே பெயர் வைத்தார். ஓவியருக்கு அப்படி ஒரு மரியாதை அன்றைக்கு ரொம்பவே அபூர்வம். பிறகு அந்தச் செடி, முன்பே பெயரிடப்பட்ட 'ட்ராபிடியா' பேரினத்தில் சேர்க்கப்பட்டதால், கோவிந்துவின் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை.

1853இல் இங்கிலாந்து திரும்பிய வைட், ரெடிங் அருகே பண்ணை வைத்து வாழ்ந்து 1872இல் இறந்தார். கோவிந்து இங்கேயே இருந்து, வன அதிகாரி பெட்டோமின் நூல்களுக்குத் தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தார்.