'டார்க் மேட்டர்' இருக்குன்னு 1933-லேயே சொன்னவர்... யார் இந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி?

ஸ்விக்கின்னதும் சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப் ஞாபகம் வருதா? இவர் வேற. பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் சுமார் 85 சதவிகிதம் கண்ணுக்குத் தெரியாத 'டார்க் மேட்டர்', அதாவது கரும்பொருள். அதை முதன்முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர்களில் ஒருவர். ஆனால், உலகம் அதை சீரியஸா எடுத்துக்க சுமார் 40 வருஷம் ஆச்சு.

யார் இவர்?

1898-ல் பல்கேரியாவின் வர்னா நகரில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். சூரிச்சில் இயற்பியல் படித்துவிட்டு, 1925-ல் அமெரிக்காவின் கால்டெக் போனார். கடைசி வரை சுவிஸ் குடியுரிமையை விடவில்லை.

என்ன கண்டுபிடித்தார்?

'கோமா' என்ற கேலக்ஸி கூட்டத்தை ஆராய்ந்தார். உள்ளே இருந்த கேலக்ஸிகள் எக்கச்சக்க வேகத்தில் ஓடின. ராட்டினம் வேகமா சுத்தும்போது சங்கிலி பலமா இல்லைன்னா நாற்காலி பிய்ச்சுக்கிட்டுப் போயிடும்ல? அதே லாஜிக்தான். தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால், அந்தக் கூட்டம் எப்போதோ சிதறியிருக்கணும். அப்படியென்றால், தெரியாத ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது.

ஏன் யாரும் கண்டுக்கல?

அவர் சொன்ன அளவு, தெரிகிற பொருளைப்போல சுமார் 400 மடங்கு. அன்றைக்கு கேலக்ஸிகளின் தூரத்தையே தப்பா அளந்திருந்ததால், எண் ரொம்பப் பெரிதாகிவிட்டது. சக விஞ்ஞானிகளோடு ஓயாமல் சண்டை போடும் குணமும் உதவவில்லை. 1970-களில் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு ஆகியோர் கேலக்ஸிகள் சுழலும் வேகத்தை அளந்த பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. ஸ்விக்கி 1974-ல் காலமானார்.

கேலக்ஸி கூட லென்ஸ் மாதிரி ஒளியை வளைக்கும் என்று 1937-ல் சொன்னதும் இவர்தான். அப்படி ஒரு லென்ஸ் முதலில் சிக்கியது 1979-ல்!

அப்போ டார்க் மேட்டர் என்னதான்?

இங்கே ஸ்விக்கியின் கணிப்பு தப்பு. மங்கலான நட்சத்திரங்கள், வாயு மாதிரி சாதாரண பொருள்தான் என்று நினைத்தார். இன்றைய விஞ்ஞானிகள் புதுத் துகளைத் தேடுகிறார்கள். ஏற்கெனவே உள்ள துகள் இயற்பியல் கோட்பாட்டில் ஒரே ஒரு துகளைச் சேர்த்தால் போதும் என்பது ரொம்ப சிம்பிளான யோசனை. அது சிதையாது, ஈர்ப்பைத் தவிர்த்தால், ஹிக்ஸ் துகளோடு மட்டும் லேசாக உறவாடும். இன்னொரு கேண்டிடேட் 'ஆக்சியான்'. அணுக்கருவைப் பிணைக்கும் விசையில் உள்ள வேறொரு புதிரைத் தீர்க்க முன்மொழியப்பட்டது அது.

இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பூமிக்கு அடியில் டன் கணக்கில் திரவ செனான் நிரப்பி, இப்படி ஒரு துகள் வந்து மோதுமா என்று காத்திருக்கிறார்கள். இதுவரை எதுவும் சிக்கல. ஸ்விக்கி கணக்கில் இடித்த அந்த எடை எதனால் ஆனது என்பதற்கு இன்னும் விடை இல்லை.