ஜி. டி. நாயுடுவும் கையடக்கக் கருவிகளும்

மேற்குத் தொடர்மலையின் அடிவாரத்தே சுமார் 11 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். முன்னது பஞ்சாலைகளாற் பெயர் பெற்றது. பின்னது வானளாவிய திருக்கோயிற் கோபுரத்தால் நெடுந்தொலைவிலேயே தன்னைக் காட்டி நிற்பது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நாடோறும் பேருந்திற் சென்று மீளும் மாணவருள் யாமும் அடங்குவோம். அப்பேருந்தில் செவிப்பொறி அணியாத இளைஞரைக் காண்டல் அரிது. யாமும் அதற்கு விலக்கல்லேம்.

சென்ற ஆண்டில் யாம் வாங்கிய கம்பியில்லாச் செவிப்பொறி ஒன்று சில திங்களுக்குள் ஊமையாயிற்று. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பி நோக்கி, மேலோடு ஒட்டப்பெற்றுள்ளமையால் திறத்தல் கூடாதென்றும், உள்ளிருக்கும் மின்கலம் தளர்ந்துவிட்டதென்றும், புதியதொன்று வாங்குதலே வழியென்றும் கூறிக் கையிற் கொடுத்துவிட்டார். இனி எதனைத் தேர்ந்து வாங்குவது என்ற வினா அன்று எழுந்தது. அவ்வினாவுக்கு விடை தேடியபோது எம் நினைவில் எழுந்தவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள். அவர் புகழ் செவிப்பொறியால் வந்ததன்று. ஆயினும், ஒருவன் தன்னுடன் கொண்டு செல்லும் கருவி எத்தகையதாதல் வேண்டும் என்பதனை அவர் வரலாறு நன்கு உணர்த்தும் ஆகலின், அதனைச் சுருக்கமாக ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு, கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23 ஆம் நாள் ஓர் உழவர் குடியிற் பிறந்தார். பள்ளிக் கல்வியில் அவர் மனம் பற்றவில்லை. அது தொடக்க வகுப்புக்களோடு நின்றது. இளமையில் ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். காளையும் குதிரையும் பூட்டாமல் தானே ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்குதற்பொருட்டுக் கோவையில் உணவுச்சாலை ஒன்றிற் பரிமாறுபவராக அமர்ந்து, சில ஆண்டுகள் உழைத்து, 300 ரூபாய் சேர்த்தார் என்பர். வண்டி கைக்கு வந்ததும் அவர் செய்த முதற்செயல் அதனை உறுப்புறுப்பாகக் கழற்றியதேயாம். கழற்றியவற்றை மீண்டும் பூட்டி ஓட்டினார். பல்கலைக்கழகம் காணாத அப்பெருமகனார்க்கு முதற் பாடநூல் அவ்வண்டியே.

1920 இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டலானார். அத்தொழில் வளர்ந்து பெரு நிறுவனமாயிற்று, யு. எம். எஸ். என்ற மூன்றெழுத்தைக் கொங்குநாட்டில் அறியாதார் இலராயினர். 1932 இல் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்னாற்றல் கோவைப் பகுதிக்கு வந்தது. ஆலைகள் பெருகின, மின்விசைப் பொறிகளின் தேவையும் பெருகிற்று. அந்நாளில் அவையெல்லாம் கடல் கடந்தே வந்தன. 1937 இல் பீளமேட்டில் பாலசுந்தரம் நாயுடு என்பாருடன் கூடி நம் நாட்டின் முதல் மின்விசைப் பொறியை உருவாக்கிய பெருமை நம் நாயுடு அவர்களைச் சாரும். அதற்கு முன்னை ஆண்டாகிய 1936 இலேதான் இராஜபாளையத்திலும் பஞ்சாலை நிறுவப்பெற்றது என்பதனை எம்மூரார் நினைவு கூர்தல் தகும்.

பெரிய பொறிகளோடு அவர் கருத்து நின்றுவிடவில்லை. முகம் மழிக்கும் சிறு கருவி ஒன்றனை அவர் அமைத்தார். ராசந்து என்பது அதன் பெயர். அதனுள் ஒரு சிறு மின்பொறி இருந்தது. அதனை இயக்க உலர் மின்கலங்களே போதும். இதன் அருமையை உணர அக்காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் சிற்றூர்களுட் பெரும்பாலானவை மின்விளக்கே காணாதவை. புகைவண்டியிலும் சத்திரத்திலும் தங்குவார்க்கு மின்சாரம் ஏது? கைவிளக்குக்கு இடும் மின்கலமோ கடைகளிற் கிடைக்கும். கலம் தீர்ந்தால் வேறொன்று இட்டுக்கொள்ளலாம், கருவி தீர்ந்துபோவதில்லை. மிக மெல்லிய சவர அலகும், பழச்சாறு பிழியும் கருவியும், மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறியும், வாக்குப் பதிவு செய்யும் பொறியும் அவர் ஆக்கிய பிற பொருள்களாம். மின்சாரம் இல்லாத வீட்டிலும் காற்று வேண்டும் என்று எண்ணியவரே மண்ணெண்ணெய் விசிறியை நினைத்தல் கூடும்.

வானொலியின் வரலாற்றையும் ஈண்டு நோக்குவோம். சென்னையில் 1924 இல் வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிய நாளில், எளியார் கைக்கு எட்டியது படிகக் கருவி. அதற்கு மின்கலம் வேண்டா. ஆனால் செவிப்பொறியைக் காதிற் பொருத்தினாலன்றி ஒன்றும் கேளாது. ஒருவர் கேட்க மற்றவர் வாளா இருத்தல் வேண்டும். வால்வு என்னும் வெற்றிடக் குழல்கள் அமைந்த பெட்டிகளோ ஒலிபெருக்கியால் வீட்டார் அனைவர்க்கும் இசையும் செய்தியும் வழங்கின. 1938 இல் சென்னையிலும் 1939 இல் திருச்சியிலும் அனைத்திந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. பெட்டியின் விலையோ எளியோர்க்கு எட்டாதிருந்தது. 1941 இல் நாயுடு அவர்கள், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை இந்நாட்டிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அறிவித்தார். ஒரு செவிக்குரியதனை ஊருக்குரியதாக்கும் முயற்சி அது.

அவர் எண்ணியவை யாவும் கைகூடின என்று கூறுதல் வரலாறாகாது. 1952 இல் இருவர் அமரும் சிறு மோட்டார் வண்டி ஒன்றனை 2,000 ரூபாய் விலையில் வெளிக்கொணர்ந்தார். அரசினர் உரிமம் வழங்க மறுத்தமையால் அதன் ஆக்கம் நின்றது. கல்வித் துறையிலும் அவர்க்கு நேர்ந்தது இதுவே. 1945 இல் அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்பயிற்சிக் கல்லூரியும் பொறியியற் கல்லூரியும் எழுந்தன. நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவதென்றும், கையால் தொழில் பயில்வார்க்கு இரண்டு ஆண்டுகளே அமையுமென்றும் அவர் வாதிட்டார். அரசினர் இசையவில்லை, அவர் பொறுப்பைத் துறந்தார். சர் சி. வி. இராமனும் விசுவேசுவரையாவும் அவர்தம் பண்ணையை நேரிற் சென்று கண்டனர். 1974 ஆம் ஆண்டு சனவரி 4 ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், 1979 இல், சப்பானிய நாட்டுச் சோனி நிறுவனத்தார் வாக்மேன் என்னும் கருவியை வெளியிட்டனர். நடந்துகொண்டே இசை கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. படிகக் கருவியின் நாளிற்போல, கேள்வி மீண்டும் ஒருவர் செவிக்குள் அடங்கிற்று. இன்று எம் பேருந்தில் யாம் காண்பது அதன் தொடர்ச்சியே.

இனி எம் வினாவுக்கு வருவோம். நாயுடு அவர்களின் வாழ்விலிருந்து யாம் கொண்ட அளவைகள் மூன்று. கருவி நமது தேவைக்கும் சூழலுக்கும் பொருந்துவதாதல் வேண்டும். விலை நம் கைக்கு அடங்குவதாதல் வேண்டும். பழுதுற்றால் திறந்து சீர் செய்யத்தக்கதாதல் வேண்டும். நெடும்பயணம் செல்வார்க்குப் புற ஓசையை அடக்கும் விலையுயர்ந்த செவிப்பொறி பயன் தருவதே. அதனை யாம் பழியோம். அரைமணிப் பயணத்திற்கு அது மிகை. ஆதலின் கம்பியுடைய எளிய செவிப்பொறி ஒன்றனையே வாங்கினோம். அதற்கு மின்கலம் இல்லை. கம்பி அறுந்தால் பற்றவைத்துக்கொள்ளலாம். வண்டியின் இரைச்சலை வெல்லும் பொருட்டு ஒலியை மிக உயர்த்தினால் செவிப்புலன் கெடும் ஆகலின், அதனையும் அளவோடு வைத்துக்கொள்கின்றோம்.

ஊமையான பழைய செவிப்பொறியை எறிய மனம் வரவில்லை. ஒரு மாலை விடுதியில் அமர்ந்து, கத்திமுனையால் அதன் ஓட்டைப் பிளந்தோம். சிறு காந்தம் ஒன்று, தலைமயிரினும் நுண்ணிய கம்பிச் சுருள் ஒன்று, மெல்லிய சவ்வு ஒன்று. சுருளில் மின்னோட்டம் மாறுந்தோறும் சவ்வு அதிர்ந்து ஒலி பிறக்கின்றது என்பதனை அன்றுதான் கண்ணாற் கண்டு அறிந்தோம். மீண்டும் பூட்ட முயன்றோம், இயலவில்லை. கலங்கல் ஊரின் அவ்விளைஞர் தம் வண்டியைக் கழற்றிப் பூட்டி ஓட்டியதன் பெருமை அப்பொழுது எமக்கு விளங்கிற்று. அவ்வுறுப்புக்கள் இன்றும் எம் மேசைமேல் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றன. விடுமுறையில் மறுபடியும் முயல எண்ணியுள்ளோம்.