டாக்டர் வானீவர் புஷ்

நமது கல்லூரி நூல்நிலையத்திற் கணிப்பொறியின் முன் அமர்ந்து நீண்டதொரு கட்டுரையைப் படிக்கும் மாணவர், திரையின் வலப்புறத்துள்ள மெல்லிய பட்டையிற் சிறு கட்டமொன்றைப் பற்றியிழுத்துப் பக்கங்களை மேலுங் கீழுமாக ஓட்டுதல் நாடோறுங் காணுங் காட்சியேயாம். நூலிலே 1000 வரிகள் இருப்பினும் திரையில் ஒருகால் தோன்றுவன 40 வரிகளே. எஞ்சியவை மறைந்து நின்று, வாசிப்போன் கை அசைந்தபோது வெளிப்படுகின்றன. பண்டைக் காலத்தார் சுருளேட்டை ஒரு கையால் விரித்தும் மறு கையாற் சுருட்டியும் படித்தமையின், அச்சுருளின் பெயராலேயே இச்செயலை ஆங்கிலத்தில் ஸ்க்ரோல் என்று வழங்குகின்றனர். சிறிய இடத்திலே பெரிய நூலைக் காட்டி, அதன் ஓட்டத்தைப் படிப்பவன் விரலுக்கே அடங்கச் செய்யும் இவ்வுபாயத்தை, கணிப்பொறிக்குத் திரையென்பதொன்று வாய்க்குமுன்னரே ஒரு மேஜையின்மேல் மனத்தாற் சமைத்துக் கண்டவர் ஒருவர் உளர். அவரே அமெரிக்க தேசத்து டாக்டர் வானீவர் புஷ் ஆவர்.

இவர் 1890-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி மஸாசூஸெட்ஸ் மாகாணத்து எவரெட் என்னும் ஊரிற் பிறந்தனர். தந்தையார் ஒரு திருச்சபைப் போதகர். பெருஞ்செல்வம் இல்லாத குடும்பம். இளமையில் அடிக்கடி நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த பிள்ளையாயினும், கணிதத்தில் இவருக்கு இயல்பாகவே ஊக்கம் மிகுந்திருந்தது. டப்ட்ஸ் கல்லூரியிற் பயின்று, 1913-ஆம் ஆண்டில் இளங்கலை, முதுகலை ஆகிய இரு பட்டங்களையும் ஒருங்கே பெற்றனர்.

மாணவராயிருந்த நாளிலேயே இவர் ஒரு யந்திரஞ் செய்தார். நிலத்தின் மேடுபள்ளங்களை அளந்து படமெழுத வேண்டின், தொலைநோக்கியுங் கோலுங் கொண்டு பலர் கூடி உழைத்தல் அக்கால வழக்கம். புஷ் இரண்டு சைக்கிள் சக்கரங்களுக்கு நடுவே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, அதனைப் புல்வெட்டும் யந்திரம்போல் நிலத்தின்மேல் தள்ளிக்கொண்டு நடப்பார். நடக்குந்தோறும் பெட்டியினுள்ளே காகிதஞ் சுற்றிய உருளையொன்று சுழலும். நிலம் ஏறினால் எழுதுகோல் ஏறும், இறங்கினால் இறங்கும். ஒரு வயல் முழுவதன் வடிவமும் இவ்வாறு ஒரு முழத்துக்குட்பட்ட காகிதச் சுருளில் வந்து அடங்கிவிடும். 1912-ஆம் ஆண்டு இறுதியில் இதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் வாங்குவாரைத் தேடி அலைந்ததே மிச்சம், ஒருவரும் வாங்கவில்லை. நல்ல பொறியைச் செய்வது ஒன்று, அதனைப் பிறர் கையிற் சேர்ப்பது வேறொன்று என்பதை இவர் இருபத்திரண்டு வயதிலே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் மந்திரிகளையும் சேனைத் தலைவர்களையும் இணங்கச் செய்த சாமர்த்தியத்திற்கு இத்தோல்வியே முதல் பாடமாயிற்று என்பது எமது கருத்து.

பின்னர் ஒரு மின்சாரத் தொழிற்சாலையிற் சோதகராயிருந்து, அங்குத் தீவிபத்து நேர்ந்தபின் வேலையிழந்து, பெண்மாணவர்க்குக் கணிதம் போதித்துச் சிறிது காலங் கழித்தார். ஓராண்டுக்குள்ளாகவே அரும்பாடுபட்டு ஆராய்ச்சி முடித்து, 1916-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையும் மஸாசூஸெட்ஸ் தொழில்நுணுக்கக் கழகமும் சேர்ந்து அளித்த டாக்டர் பட்டத்தைப் பெற்றார். அவ்வாண்டிலேயே பீபீ டேவிஸ் என்னும் மங்கையை மணந்தார். முதல் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் கருவியொன்றை அமைத்துக் கொடுத்தார்; அது மரக்கலத்தில் நன்றாய் வேலை செய்தது, இரும்புக் கலத்தில் வேலை செய்யவில்லை. 1919-இல் மேற்கூறிய கழகத்திலே ஆசிரியராக அமர்ந்தார்.

அங்கேதான் இவர் பெயர் உலகெங்கும் பரவலாயிற்று. மின்சாரக் கம்பிகளின் ஓட்டத்தை ஆராயுங்கால் எழும் சமன்பாடுகள் கையாற் போட்டுத் தீராத அத்துணைக் கடினமானவை. அவற்றிற்காகப் புஷ்ஷும் அவர் மாணவரும் 1931-இல் ஓர் அறை முழுவதும் அடைக்கும் பெரிய யந்திரமொன்றை அமைத்து முடித்தனர். வட்டத் தகட்டின்மேல் சிறு சக்கரம் உருள, அதன் சுழற்சியைத் தண்டுகளும் பற்சக்கரங்களும் ஏந்திச் சென்று, முடிவில் ஓர் எழுதுகோல் விடையைக் கோடாக வரைந்து காட்டும். இதில் எண் என்பதே இல்லை. யாவும் சுழற்சியும் அளவுமேயாம். 1936-இல் இதனை ஓட்டுவதற்குத் துணையாக வந்த இளைஞர் கிளாட் ஷானன், இதன் மின்தொடுப்புகளைக் கண்டு சிந்தித்தே, ஆம் இல்லை என்னும் இரண்டே நிலைகளால் எக்கணக்கையும் அமைக்கலாம் என்னும் முடிவுக்கு வந்தார். இன்றைய கணிப்பொறிகட்கெல்லாம் அடிப்படையாக நிற்பது ஷானன் கண்ட வழியேயன்றிப் புஷ்ஷின் பற்சக்கரமன்று. ஆசிரியர் அறையிலிருந்தே ஆசிரியரைக் கடந்து செல்லும் வழி புறப்பட்டது.

1938 முதல் இவர் கவனம் நூல்களின்மேற் சென்றது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் மலைபோற் குவிகின்றன. வேண்டியதைத் தேடி எடுப்பாரில்லை. பக்கங்களைப் புகைப்படச் சுருளில் நுண்ணிதாக அடக்கி, ஒவ்வொன்றின் அருகிலும் புள்ளிக் குறியிட்டு, சுருளை விரைந்தோட்டி, வேண்டிய குறி வந்தபோது ஒளியுணரும் குழல் அதனைப் பிடித்துப் படமெடுக்கும்படி ஒரு யந்திரத்தைத் தம் மாணவரைக்கொண்டு செய்வித்தார். அடுத்த ஆண்டில் கார்னெகி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக வாஷிங்டன் நகருக்குச் சென்றார். அவ்வாண்டிலேயே தமது மேஜைப் பொறியைப்பற்றிய கட்டுரையின் முதற்படியையும் எழுதி வைத்தார். ஆனால் யுத்தம் வந்துவிட்டது.

1940 ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் ஒரே தாளில் எழுதிய திட்டத்துடன் சென்றார். கால்மணி நேரத்திற்குள் உத்தரவு கிடைத்தது. அதுமுதல் அந்நாட்டு விஞ்ஞானிகளின் யுத்த முயற்சிகள் அனைத்தும் இவர் கையின்கீழ் வந்தன. ராடார், இலக்கை அணுகியதும் தானே வெடிக்குங் குண்டின் மூக்கு, பெனிசிலின் மருந்தைப் பேரளவில் உண்டாக்கல், அணுகுண்டு ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டிலே நார்பர்ட் வீனர் என்னும் கணித மேதை மின்னணுக்களால் இயங்குங் கணிப்பொறியொன்றைச் செய்யலாமென்று எழுதியபோது, அது யுத்தத்திற்குள் பயன்தராது என்று புஷ் ஒதுக்கிவிட்டார். அக்காலத்து நெருக்கடியில் அது நியாயமான முடிவாகலாம். எனினும் தாம் விரும்பிய மேஜைக்கு உயிர்கொடுக்கக்கூடிய வித்தையையே தாம் அறியாது தள்ளிவைத்தார் என்பதை இன்று நினையாமலிருத்தல் அரிது.

1945 ஜூலை மாதம் இவர் வாழ்க்கையில் விந்தையான மாதம். விஞ்ஞானத்தை அரசாங்கம் சமாதான காலத்திலும் ஆதரிக்கவேண்டுமென்னும் அறிக்கையை ஜனாதிபதி ட்ரூமனுக்கு அளித்தார். 16-ஆம் தேதி விடியலில் நியூமெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்ததைக் கண்ணாரக் கண்டார். அதே மாதத்து அட்லாண்டிக் பத்திரிகையில் அந்தப் பழைய கட்டுரை திருத்தம்பெற்று வெளிவந்தது. அதில் வரும் மேஜைக்கு மெமெக்ஸ் என்று பெயரிட்டிருந்தார்.

அம்மேஜையை நாம் சற்று நின்று பார்ப்போம். பார்வைக்குச் சாதாரண எழுதுமேஜைதான். மேற்பரப்பிற் சாய்ந்த திரைகள். பக்கத்தில் விசைப்பலகை, பொத்தான்கள், நெம்புகோல்கள். உள்ளே நுண்படச் சுருள்களாக நூல்கள், கடிதங்கள், பத்திரிகைகள். நாளொன்றுக்கு 5000 பக்கம் வீதம் சேர்த்தாலும் நிரம்புவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும் என்று கணக்கிட்டிருந்தார். நூலின் குறியைத் தட்டினால் முதற்பக்கம் திரையில் விழும். பிறகு நெம்புகோலை வலப்புறஞ் சிறிது சாய்த்தால் பக்கங்கள் ஒவ்வொன்றாய், கண்டு அடையாளம் கொள்ளுமளவு வேகத்தில் ஓடும். இன்னுஞ் சாய்த்தால் பத்துப் பத்தாக, அதற்கும் மேலே சாய்த்தால் நூறு நூறாகப் பறக்கும். இடப்புறஞ் சாய்த்தால் இவ்வாறே பின்னோக்கி ஓடும். ஒரு பொத்தான் அட்டவணையின் முதற்பக்கத்திற்கு உடனே கொண்டுபோய்விடும். (பரீட்சைக்கு முந்திய இரவில் நம் விடுதி நண்பர்கள் கையாளும் வேகம் மூன்றாவதேயாம்.) ஒரு திரையில் ஒரு நூலை நிறுத்திவைத்துக்கொண்டு மற்றொரு திரையில் இன்னொன்றை ஓட்டவுங் கூடும், இரண்டையும் ஒரு பொத்தானாற் பிணைத்து, பின்னொரு நாள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயவுங் கூடும்.

இன்று மென்பொருள் எழுதுவோர் திரையில் உருளும் பகுதியொன்றை அமைக்கும்போது தீர்க்கவேண்டுவனவும் ஏறக்குறைய இவையே. உள்ளிருக்கும் பொருள் நீளம். அதனை நோக்குஞ் சாளரமோ குறுகியது. சாளரத்தின் மேல்விளிம்பு பொருளின் எவ்விடத்தில் நிற்கிறது என்னும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, கை அசையுந்தோறும் அதனை மாற்றி, தோன்றவேண்டிய பகுதியைமட்டும் வரைகின்றனர். ஆனால் புஷ்ஷின் நெம்புகோலில் ஒரு குறை உண்டு. அது எத்திசையில், என்ன வேகத்தில் என்பதைக் கூறுமேயன்றி, நூலில் நாம் எங்கே நிற்கிறோம், இன்னும் எவ்வளவு உளது என்பதைக் காட்டாது. கையிற் பிடித்த புத்தகம் இதனை இருபுறத்துக் கனத்தாலேயே உணர்த்திவிடும். இன்றைய உருட்டுப் பட்டை அதனை மீட்டுக் கொடுத்தது: 1000 வரிக்கு 40 வரி தெரியின் கட்டம் பட்டையின் 25-இல் ஒரு பங்கு நீளமாயிருக்கும்; நூலின் நடுவில் நின்றால் கட்டமும் நடுவில் நிற்கும்.

யுத்தத்திற்குப் பின் புஷ்ஷின் செல்வாக்கு படிப்படியாகக் குறைந்தது. 1952-இல் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையைத் தள்ளிவைக்கும்படி இவர் சொன்ன யோசனை ஏற்கப்படவில்லை. 1954-இல் ஓப்பன்ஹைமர் விசாரிக்கப்பட்டபோது அவர் சார்பாக அஞ்சாமற் சாட்சியங் கூறினார். மெமெக்ஸ் மேஜையோ செய்யப்படவேயில்லை. 1967-இல் மீண்டும் அதனைப்பற்றி எழுதியபோதும், தனியொருவர் வாங்கத்தக்க விலையில் அது வருவதற்கு நாளாகும் என்றே கருதினார்.

இதற்கிடையே அக்கட்டுரை தன் போக்கிற் சென்றுகொண்டிருந்தது. 1945-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கப்பற்படை ராடார்த் தொழிலாளராயிருந்த இருபது வயது இளைஞர் டக்ளஸ் எங்கல்பார்ட், லேய்ட்டே தீவிற் செஞ்சிலுவைச் சங்கத்துப் படிப்பறையில் அதனைப் படித்தார். 1962-இல் தம் ஆராய்ச்சிக்கு அதுவே வித்து என்று புஷ்ஷுக்குக் கடிதம் எழுதினார். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோ நகரிற் பெருங்கூட்டத்தின் முன், மௌஸ் என்னுங் கைக்கருவியால் திரையிலுள்ள எழுத்துக்களை இயக்கிக் காட்டினார். 1973-இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிசாலையார், தனியொருவர் மேஜையருகே வைத்துக்கொள்ளத்தக்க ஆல்டோ என்னுங் கணிப்பொறியை இயக்கலாயினர். திரையிற் சாளரங்களும், அவற்றை உருட்டும் பட்டைகளும் அங்கேதான் உருப்பெற்றன. கண்டத்தின் மறுகரையில், மஸாசூஸெட்ஸ் மாகாணத்துப் பெல்மாண்ட் ஊரில், 1974 ஜூன் மாதம் 28-ஆம் தேதி டாக்டர் புஷ் தமது 84-ஆம் வயதிற் காலமானார்.