பேக்கலைட் கண்ட பேக்லண்ட்

நம் தேசத்து வனங்களில் புரசு முதலிய மரங்களை அண்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கு, ஒரு காலத்தில் உலகத்து மின்சாரத் தொழிலுக்கு இன்றியமையாததாயிருந்தது. அந்நிலையை மாற்றியவர் லியோ ஹெண்ட்ரிக் பேக்லண்ட்.

இவர் பெல்ஜியம் தேசத்துக் கெண்ட் நகரில் 1863-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி பிறந்தார். தந்தை செருப்புத் தைத்து ஜீவித்தவர். தாயார் பிறர் வீட்டில் பணி செய்தவர். உபகாரச் சம்பளம் பெற்றுச் சர்வகலாசாலையில் ரசாயனம் பயின்று, 21-வது வயதிலேயே டாக்டர் பட்டம் அடைந்தார். 1889-ல் தமது ஆசிரியரின் புதல்வியை மணந்து அமெரிக்கா சென்று, அங்கேயே தங்கினார்.

விளக்கு வெளிச்சத்திலேயே படம் பதிக்கத்தக்க வெலாக்ஸ் காகிதத்தைச் செய்து, 1899-ல் அவ்வுரிமையை ஈஸ்ட்மனுக்கு விற்றுப் பெருஞ்செல்வரானார். வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பார். இவரோ யாங்கர்ஸ் என்னும் ஊரில், தமது இல்லத்தருகிலேயே ஆராய்ச்சிச் சாலை அமைத்தார்.

மின்சாரம் பரவப் பரவ அரக்கின் விலை ஏறிற்று. அதற்கு ஈடான பொருளொன்றைச் செயற்கையாய் ஆக்க இவர் முயன்றார். பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்தால் பிசினொன்று உண்டாகும். ஜெர்மானிய ரசாயன நிபுணர் பேயர் 1872-லேயே இத்தகைய பிசினைக் கண்டும், பயனற்றதென விட்டுவிட்டார். சூடேற்றினால் அது நுரைத்துப் பொங்கிச் சிதையும். பேக்லண்ட் அதைக் கனத்த இரும்புக் கலத்தில் அடைத்து, அழுத்தத்தால் நுரையை அடக்கி, உஷ்ணமூட்டினார். 1907-ல் காரியம் கைகூடிற்று. ஒருமுறை இறுகியபின் மீண்டும் இளகாததும், மின்சாரத்தைக் கடத்தாததுமான பேக்கலைட் பிறந்தது. 1909-ல் அதை ரசாயன சங்கத்தாரின் முன் வெளியிட்டார். 1910-ல் கம்பெனி கண்டார். டெலிபோன், ரேடியோப் பெட்டி, மின்சார விசை யாவும் அதனால் ஆயின. 1939-ல் கம்பெனியை யூனியன் கார்பைடுக்கு விற்று, 1944-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ந் தேதி காலமானார்.

இவர் நமக்குத் தீங்கு நினைத்தவரல்லர். எனினும், மின்சாரத் தொழிலில் நம் அரக்கின் இடத்தை இவர் கண்ட பொருள் பெரிதும் பற்றிக்கொண்டது. 1897-ல் ஜெர்மானியரின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் நம் அவுரிக்கு நேர்ந்ததும் அதுவே. ராஞ்சிக்கு அருகே நாம்குமில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது 1924-ல்தான். அதற்குள் பேக்கலைட்டுக்கு வயது பதினேழு.

மூலப்பொருளை மட்டும் விற்கும் தேசத்தின் பிழைப்பு, பிறர் சோதனைச் சாலையின் தயவில் நிற்பது. 1947-ல் நாம் அடைந்த சுதந்திரம் இந்த அடிமைத்தனத்தைத் தானாக நீக்கிவிடாது. அந்தப் பொருளிலும் இன்று ஒரு குறை தெரிகிறது: மீண்டும் உருகாத அதன் குணமே, கழிவைத் திரும்ப வார்க்கவொட்டாமல் தடுக்கிறது. அதற்குப் பரிகாரம் காண்பவராவது நம் இளைஞராயிருக்கட்டும். செருப்புத் தைப்பவரின் மைந்தனுக்குக் கல்விச் சாலையின் கதவைத் திறந்தது கெண்ட் நகரம். நம் நகரங்கள் திறக்கின்றனவா?