சிலேட்டும் குறிப்பேடும்

கணினி வகுப்பில் மாணவர்கள் தாமே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்துச் செயல்திட்டம் செய்வதுண்டு. ஒருவர் விளையாட்டொன்றை உருவாக்குவார். ஒருவர் நிரல் எழுதிப் பகா எண்களைத் தேடுவார். மற்றொருவர் கணினிகளை இணைக்கும் வலைப்பின்னலை ஆராய்வார். பிறர் ஏவாமல், தம் விருப்பத்தால் இவ்வாறு ஆராய்வதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர், கணினி தோன்றுவதற்கு முன்பே தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இளமை

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சீனிவாசர் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதி வந்தார். தாயார் பெயர் கோமளத்தம்மாள்.

நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவருக்குக் கிடைத்தது. அதில் ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் இருந்தன. விளக்கங்களோ மிகக் குறைவு. அக்குறையே அவருக்கு வாய்ப்பாயிற்று. அம்முடிவுகளைத் தாமே நிறுவிப் பார்த்தார். பின்னர் அந்நூலில் இல்லாத புதியவற்றையும் கண்டறிந்தார். தாள் வாங்கப் பணமில்லை. ஆகவே சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் துடைத்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

இழப்பும் துணையும்

1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் மட்டுமே மனம் தோய்ந்ததால் பிற பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்ச்சி பெறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. அவர் கையில் இருந்தவை குறிப்பேடுகளே.

இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயரிடம் அவர் சிறு வேலை ஒன்றை நாடிச் சென்றார். குறிப்பேட்டைக் கண்டு வியந்த ஐயர், அவரைச் சென்னையிலுள்ள கணித அறிஞர்களிடம் அனுப்பினார். நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவும் அவரைப் பொருளுதவி தந்து காத்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

அவரது முதல் ஆய்வுக் கட்டுரை 1911இல் வெளிவந்தது. அது பெர்னௌலி எண்களைப் பற்றியது. அவ்வெண்களைப் பொறியால் கணக்கிடும் முறையை ஏடா லவ்லேஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1843இலேயே எழுதி வெளியிட்டிருந்தார். அதனை உலகின் முதல் கணினி நிரல் எனப் பலர் போற்றுவர்.

கேம்பிரிட்ஜில்

1913 ஜனவரியில் இராமானுஜன் தம் முடிவுகளைக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். அவற்றுள் சில முன்பே பிறர் கண்டவை. பகா எண்களைப் பற்றிய சில பிழையானவை. வேறு சிலவோ அதுவரை எவரும் காணாதவை. தனியே கற்றதன் வலிமையும் குறையும் அம்மடலில் ஒருங்கே இருந்தன. ஹார்டி அவரை அழைத்தார். 1914இல் இராமானுஜன் கடல் கடந்து சென்றார். முடிவைக் கண்டறிந்தால் மட்டும் போதாது, அதனைப் படிப்படியாக நிறுவவும் வேண்டும் என்பதை அங்கே பயின்றார். 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். ஆயினும் நோய் அவரை வாட்டியது. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

கணினியில் வாழும் கணிதம்

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது பை என்னும் எண். அதனை விரைந்து கணக்கிடும் வாய்பாடுகளை இராமானுஜன் 1914இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றைக் கொண்டு, 1985இல் கோஸ்பர் என்னும் அமெரிக்கர் கணினியின் துணையால் பையின் ஒரு கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார்.

குறைந்த இணைப்புகளைக் கொண்டே உறுதியாகப் பிணைந்த வலைப்பின்னல்கள் சில உள. 1916இல் இராமானுஜன் ஊகித்த ஒரு முடிவே அவற்றை அமைக்க உதவியது. ஆகையால் அவை இராமானுஜன் கோட்டுருக்கள் எனப்படுகின்றன.

உலகக் கணித அறிஞர் மாநாடு இந்தியாவில் முதன்முறையாகக் கூடிய நகரம் ஐதராபாத், ஆண்டு 2010. கணினி அறிவியலின் கணிதப் பகுதிக்கான நெவன்லின்னா பரிசை அங்கே ஸ்பீல்மேன் என்பவர் பெற்றார். மூன்றாண்டுகளுக்குப் பின், அவரும் இரு நண்பர்களும் இராமானுஜன் கோட்டுருக்களின் புதிய வகைகள் உண்டு என நிறுவினர். சிலேட்டில் அழிந்த கணக்குகளின் முடிவுகள் குறிப்பேட்டில் நின்றன. அக்குறிப்பேடுகளை அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர்.

சொற்பொருள்
தோய்தல் – ஆழ்ந்து ஈடுபடுதல்
நிறுவுதல் – உண்மை என மெய்ப்பித்தல்
ஊகித்தல் – உய்த்துணர்தல்

சிந்தித்து எழுதுக
1. கார் தொகுத்த நூலின் குறை எவ்வாறு வாய்ப்பாக மாறியது?
2. தனியே கற்பதன் வலிமை யாது? குறை யாது?
3. நீ செய்ய விரும்பும் கணினிச் செயல்திட்டம் ஒன்றைத் தேர்ந்து, அதன் படிகளைக் குறிப்பேட்டில் எழுதுக.